தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகலாமா?



விடுமுறை வந்தால் பெண்டு பிள்ளைகளோடு தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்து வரலாம் என்று ஆசைப்படுகிற நம் தோழர்கள் சிலர், “சுயமரியாதைக்காரன் கோயிலுக்குள் நுழைந்தால் ஊரார் சிரிக்க மாட்டார்களா?” என்று தயங்குகிறார்களாம். இதில் தயங்க என்ன இருக்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை. தாராளமாகப் போங்கள். உள்ளே போகக் கட்டணம்கூடக் கிடையாது. தேங்காய் பழத்தட்டை மாத்திரம் விட்டுவிட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். கல்லைச் சுமந்தவன் நம் பாட்டன். அவன் செய்த வேலையைப் பார்க்க நமக்கு யாருடைய உத்தரவு வேண்டும்?

ஆனால் போவதற்கு முன் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாசலில் கால் வைத்ததுமே யாராவது ஒருவர் வந்து, “இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது” என்று சொல்லுவார். பள்ளிக்கூட வாத்தியாரே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற புரட்டு இது. ஆதலால் உங்கள் பிரயாணத்தைக் காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருக்கும்படியாக அமைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் மேற்குப் பக்கமாகப் போய் நின்றால், அந்த விழாத நிழலிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து கட்டுச்சோறு அவிழ்க்கலாம்!

உச்சிப்பொழுதில் மட்டும் விழாது என்பார்களானால் அதற்கும் கணக்கு இருக்கிறது. விமானம் சுமார் 216 அடி உயரம். அடிப்பாகம் பக்கத்துக்குச் சுமார் 100 அடி. அடி அகன்று நுனி சிறுத்த எந்தக் கட்டடமானாலும், சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது நிழல் தன் மேலேயே விழும். உங்கள் வீட்டு நெற்குவியலுக்கும் அப்படித்தான். தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் மாத மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு மாதக் கடைசி வாக்கிலும். அன்றைக்கு நட்டு வைத்த கொடிக்கம்பத்துக்கும் நிழல் இராது. கம்பத்துக்கு யாரும் கற்பூரம் கொளுத்துவதில்லை. மார்கழி மாதத்திலோ உச்சிப்பொழுதிலேயே சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், விமானத்தின் நிழல் அடிச்சுவரைத் தாண்டி வடக்கே ஏறக்குறைய 90 அடி தூரம் தரையில் நீளும். போய்க் காலடியால் அளந்து பார்க்கலாம்.

இந்தப் பொய்யால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் கட்டினவனுக்கு. ஒரு மனிதன் கணக்குப் போட்டு, கயிறு பிடித்து, கல் செதுக்கி, உயிரைக் கொடுத்துக் கட்டி முடித்த வேலையை அற்புதம் என்று சொல்லிவிட்டால், கூலி அவனுக்கும் கீர்த்தி சாமிக்கும் என்று ஆகிவிடுகிறதல்லவா? தஞ்சாவூர் சுற்றிலும் வயற்காடு. அந்தக் கருங்கல் அத்தனையும் வெகு தூரத்திலிருந்து இழுத்து வரப்பட்டது. கட்டிய பெருந்தச்சனின் பெயர் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களில் நூற்றுக்கு ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லுவார்களா? உச்சிக்கல் ஒரே கல், 80 டன் என்ற கதையை மட்டும் அத்தனை பேரும் ஒப்பிக்கிறார்கள். அளந்து ஆராய்ந்தவர்களோ அது பல துண்டுகளைப் பொருத்திச் சேர்த்தது என்று கண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பெரிய கல் ஒன்றைத் தூக்கி வைப்பதைவிட, பல கல்லை ஒன்றுபோலத் தோன்றும்படி அந்த உயரத்தில் பொருத்துவதற்குத்தான் அதிகப் புத்தி வேண்டும்.

நந்தி வளர்ந்துகொண்டே வந்தது, ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பது இன்னொரு கதை. அந்த நந்தி இராஜராஜன் காலத்தது அல்லவே அல்ல, பின்னால் நாயக்கர் காலத்தில் வைத்தது. இதற்கெல்லாம் மேலாக, பதவியில் இருப்பவர்கள் முன்வாசல் வழியாக நுழைந்தால் பதவி போய்விடும் என்று ஒரு பயம் இந்தக் காலத்தில் கிளம்பியிருக்கிறது. அந்த வாசலில் நித்தம் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நுழைகிறார்கள். அவர்களுக்கு என்ன போயிற்று? வெளியில் விட்ட செருப்பு வேண்டுமானால் போயிருக்கலாம்.

நிற்க. பார்க்க வேண்டியது எது என்றால், அடிச்சுவரில் வெட்டியிருக்கும் எழுத்துக்கள். 1010-ம் வருஷத்தில், அதாவது இராஜராஜனின் 25-ம் ஆட்சியாண்டில், கலசம் கொடுத்த நாள் முதற்கொண்டு, கோயிலுக்கு வந்த வரும்படி, செலவு, வேலைக்காரர் சம்பளம் எல்லாம் அங்கே கல்லில் கிடக்கிறது. பல கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் வைத்ததைப் பெயரோடும், ஊரோடும், வீட்டு வரிசையோடும் எழுதி வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சொத்தும் மரியாதையும் இருந்தது என்று சில பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் சாமிக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் அந்த ஏற்பாடு பிற்காலத்தில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதும், அதை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1947-ம் வருஷம் வரை சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது என்பதும் நமக்குத் தெரியாதா?

சாமிக்கு வந்த காசைச் சும்மா வைக்கவில்லை. பிராமணர் சபைகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் காசுக்கு வருஷம் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்கு விட்டிருக்கிறார்கள். லேவாதேவி நடத்திய சாமி என்று நாம் சொன்னால் நாஸ்திகன் என்கிறார்கள்; கல்வெட்டை என்னவென்று சொல்லுவார்கள்?

இன்னும் ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லாத நிலம் இன்னின்னது என்று கழித்துக் காட்டும் இடத்தில் ஊர்நத்தம், சுடுகாடு இவைகளோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. தீண்டாமை நேற்று வந்தது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பேசுகிறவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சேரி ஜனங்களின் உழைப்பில் விளைந்த நெல்தான் அந்தக் களஞ்சியத்தை நிரப்பியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கோயிலின் வாசல் திறந்தது எப்போது என்றால், 1939-ம் வருஷத்தில். கட்டி முடித்த பிறகு தொள்ளாயிரத்து முப்பது வருஷம் சென்று!

கும்பாபிஷேகத்தின் யோக்கியதையையும் சொல்லாமல் விட முடியாது. 1997-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி, அந்தச் சடங்குக்காகப் போட்ட கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பக்தியோடு வந்த ஏழை எளியவர்கள். அவர்களைப் பற்றிக் கேலி பேச நமக்கு மனம் வராது. தீயணைக்கத் தண்ணீரும் வெளியே ஓட வழியும் முன்னதாக வைக்கவேண்டும் என்ற கவலையை மந்திரத்தினிடம் ஒப்படைக்கக்கூடாது என்றுதான் சொல்லுகிறோம். பிறகு 2020-ம் வருஷம் பிப்ரவரியில் நடந்தபோது, தமிழன் கட்டின கோயிலில் தமிழில் சொல்லலாமா என்பதற்கே வழக்கு நடந்து, இரண்டு மொழியிலும் செய்ய வேண்டுமென்று உயர்நீதிமன்றம் வரையில் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. தமிழில் சொன்னாலும் சமஸ்கிருதத்தில் சொன்னாலும் கல்லுக்குக் கேட்காது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் தமிழ் தீட்டு என்று ஒருவன் சொல்லும்போது அவமானம் நமக்குத்தானே?

ஆகவே போகிற தோழர்களுக்கு ஒரு யோசனை. கல்வெட்டின் எழுத்து பழைய எழுத்து, எல்லோருக்கும் படிக்க வராது. அவைகளை அச்சில் போட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி பெரிய நூல் நிலையங்களில் இருக்கிறது. நாலைந்து பேராகச் சேர்ந்து முன்னதாகவே போய், சம்பளப் பட்டியல் இருக்கும் பாகத்தை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் எல்லோரும் இருக்கிறார்கள். மத்தியானம் நடை சாத்தின பிறகு திருச்சுற்று மாளிகையில் நிழலாக இருக்கும். அங்கே உட்கார்ந்து பிள்ளைகளில் உரக்கப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த 400 பேரின் வரிசை வரும்போது அவர்கள்தான் முதலில் கேள்வி கேட்பார்கள்.