மின்சாரம் எங்கே குடியிருக்கிறது?

1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்துஸ் ஸலாம், பஞ்சாபில் ஜங் என்னும் சிற்றூரில் பயின்றவர். தம் ஆசிரியர் இயற்கையின் விசைகளைப் போதித்த விதத்தைப் பிற்காலத்தில் அவர் நகைச்சுவையோடு நினைவுகூர்வதுண்டு. புவியீர்ப்பைச் சொன்னார், காந்தத்தை எடுத்துக் காட்டினார். மின்சாரம் வந்ததும், அது ஜங்கில் வாழ்வதில்லை, தலைநகர் லாகூரில் வாழ்கிறது என்றார். அணுக்கரு விசையோ ஐரோப்பாவில் மட்டுமே உள்ளது. நமக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று முடித்துவிட்டாராம்!

சிரிக்கலாம். ஆயினும் அந்த ஆசிரியர் கையிலிருந்த காந்தத்தை மறைக்கவில்லை. இல்லாததைத்தான் இல்லை என்றார். ஓசூரில் வாழும் நமக்கு அந்தச் சாக்கும் இல்லையே!

1980-களில் எழுந்த கடிகார ஆலை இங்கே இருக்கிறது. லாரியும் மொபெட்டும் இங்கே உருவாகியிருக்கின்றன. குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதால்தான் கைக்கடிகாரம் நேரம் தவறாமல் ஓடுகிறது. அத்தகைய கடிகாரத்தைப் பூட்டும் தொழிலாளியின் மகள், அதிர்வெண்ணுக்கு இலக்கணத்தை இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போடுகிறாள். அவ்விரண்டுக்கும் உறவுண்டு என்று அவளிடம் சொல்வார் யார்? வீட்டில் உருதுவோ தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குப் பாடநூலின் சொல்லே பாதி அந்நியம். பொருளையும் காட்டாவிட்டால் எஞ்சுவது மனப்பாடம் ஒன்றே.

மர்ஹூம் அப்துல் கலாம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த செய்தியை நாம் மேடையில் கேட்டோம், வகுப்பறைக்குக் கொண்டுசெல்லவில்லை. இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்றான் சிறுவன். ஆசிரியர் சினந்தாரில்லை, வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச்சென்று, பறக்கும் பறவைகளையே காட்டினார். செலவு என்ன? ஒரு மாலைப்பொழுது.

“பள்ளியில் தோற்றவர்களும் மேதையாகவில்லையா?” என்று சிலர் வாதிடுவர். ஜான் கர்டன் 1949-இல் ஈட்டன் பள்ளியில், உயிரியலில் 250 மாணவருள் கடைசியாக நின்றார். இவன் விஞ்ஞானியாக நினைப்பது வீண் என்று ஆசிரியர் எழுதினார். 2012-இல் அவருக்கே நோபல் பரிசு கிடைத்தது. உண்மைதான். ஆனால் தனி ஆசிரியரை அமர்த்தி மீண்டும் உயிரியல் கற்பிக்க அவர் பெற்றோருக்கு வசதியிருந்தது. சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுக்கு அந்த இரண்டாவது வாசல் எங்கே திறந்திருக்கிறது?

பெற்றோராகிய நாமும் குற்றத்திற்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் பன்னிரண்டாம் வகுப்பை ஈராண்டு உருட்டும் விடுதிப் பள்ளிகளுக்கு நகையை அடகுவைத்துப் பணம் கட்டியவர்கள் நாமே. அதைத் தடுக்கவே 2017-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு கொண்டுவர நேர்ந்தது. 2025-இல் அதையும் கைவிட்டது.

இப்னு ஹைஸமின் ஒளியியலையும் திப்புவின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளையும் கூட்டந்தோறும் முழங்குகிறோம். 1792 வரை இந்தக் கிருஷ்ணகிரிச் சீமை அந்தத் திப்புவின் ஆட்சியில்தான் இருந்தது. பெருமை சரி, பேசுகிறவர் தம் பேரன் கையில் ஐம்பது ரூபாய் லென்ஸ் ஒன்றைக் கொடுத்ததுண்டா?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கேட்குமுன், ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது, இவ்வாண்டு எத்தனை நாள் அது திறக்கப்பட்டது என்று கேளுங்கள். மகள் படிக்கும் பள்ளியிலும் கேளுங்கள்.