கறையானும் வட்டும்

தில்லைத் திருக்கோயிலின் ஓர் அறையிற் பூட்டப்பெற்றுக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து கண்டபொழுது அவற்றைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றுட் செல்லரித்தவை போக எஞ்சியனவே இன்று வழங்குவன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். சிதம்பரத்தில் தமிழ் பயிலும் எமக்கு இக்கதை புதிதன்று. அதனை ஈண்டு நினைவூட்டுதற்குக் காரணம் வேறு.

எம் கல்லூரி நூல்நிலையத்தின் சுவடிப் பட்டியல் இவ்வாண்டு ஒரு தரவுத்தளத்தில் ஏற்றப்பெறுகின்றது. அதனைத் தாங்கும் கணினியில் வட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படும். இவ்விணைப்பைச் செய்வது தனிக்கருவி அன்று; லினக்ஸ் மென்பொருளே. மென்பொருளை நம்புதல் பேதைமை, விலையுயர்ந்த இணைப்பு அட்டை வேண்டும் என்பர் ஒரு சாரார். வட்டு இரண்டிருக்க வேறு படி எற்றுக்கு என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று.

மலிவான வட்டுகள் பலவற்றை இணைத்து நம்பகத்தன்மை பெறலாம் என்று 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் எழுதினர். அம்முறையே ரெய்டு எனப்படுவது. அட்டை பழுதுற்றால் அதன் இனத்தையே தேடி அலைதல் வேண்டும். மென்பொருளால் இணைத்த வட்டுகளையோ லினக்ஸ் உள்ள வேறொரு கணினியிற் பொருத்திப் படிக்கலாம். மின்சாரம் அற்ற நொடியில், எழுதி முடியாது நின்றவற்றை மின்கலத்தின் துணையாற் காத்தல் நல்ல அட்டைகளின் சிறப்பு. யாம் குழந்தைகளாயிருந்த 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைத் தாக்கிப் பல நாள் இருளில் ஆழ்த்தியதை அறிந்தோர் அச்சிறப்பை இகழார். எனினும் தரவுத்தளம் ஒன்றை மாற்றுமுன் அம்மாற்றத்தைத் தனிக் குறிப்பில் எழுதிவைக்கும் இயல்பினது. மின்சேமிப்புக் கருவியும் உடனிருப்பின் சிறு நூல்நிலையத்துக்கு அட்டை வேண்டா.

மெய்யான குறை பிறிதொன்று. இரண்டு வட்டும் ஓரிடத்தில் வேறுபடின், வேறுபாடு உண்டென்று அம்மென்பொருள் கூறும்; எது திருந்திய பாடம் என்று கூறமாட்டாது. சுவடி பதிப்பித்தோர் பட்ட இடர்ப்பாடே இது! அந்தாதியில் ஒரு பாட்டு உதிர்ந்தால் தொடை அறுந்து காட்டிக்கொடுக்கும் அன்றோ? அவ்வாறே பகுதிதோறும் சரிபார்ப்பெண் வைத்து, பிழைபட்ட படியைக் கண்டறிவது இசட்.எஃப்.எஸ். என்னும் அமைப்பு. அதனையே எம் நூல்நிலையத்தார் கைக்கொள்வது நன்று.

இனி மற்றைச் சாரார்க்கு ஒரு சொல். எவரேனும் கைதவறிப் பட்டியலை நீக்கின், அது இரண்டு வட்டிலும் ஒருங்கே நீங்கும். வெள்ளம் புகினும் இரண்டும் ஒருங்கே நனையும். திருவிடைவாய்க்குரிய சம்பந்தர் பதிகம் ஏடுகளிற் கிடைக்காது மறைந்திருந்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலே கண்டெடுக்கப்பெற்றது. வேறோர் ஊரில், வேறொரு பொருளின்மேல் எழுதிய படி அது.

வாரந்தோறும் ஒரு படி எடுத்துக் கல்லூரிக்குப் புறத்தே வைத்தலும், பருவத்துக்கு ஒருமுறை அதனின்று தரவுத்தளத்தை மீட்டெழுப்பிப் பார்த்தலும் வேண்டும். இதற்கு ஆவது மூன்றாம் வட்டு ஒன்றின் விலையே. கல்லூரி நாட் பந்தலின் வண்ண விளக்குகளிற் சிலவற்றைக் குறைத்தால் அத்தொகை இவ்வாண்டே கைக்கூடும். மாணவர் சங்கத்தார் அதனை ஆராய்வாராக.