பெயரை மாற்றினால் லைப்ரரி மாறிவிடுமா?

பழைய சாஃப்ட்வேர் ஒன்றை உபுண்டு 22.04-லோ அதற்குப் பிறகு வந்ததிலோ போட்டுத் திறந்தால், 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 ஃபைலைக் காணோம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. கூகுளில் தேடினால் ஒரு வைத்தியம் கிடைக்கும்: இருக்கிற லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு 1.1 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் போடு, முடிந்தது வேலை. சூடோ போட்டு அப்படியே காப்பி பேஸ்ட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த 1.1, 3 எல்லாம் அழகுக்கு ஒட்டிய நம்பர் இல்லீங்க. ஃபங்ஷன்களோ, ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் ஃபீல்டுகளின் இடமோ பழைய புரோகிராமுக்கு ஒத்துவராதபடி மாறும்போதுதான் அந்த நம்பரை ஏற்றுவார்கள். 'நான் பழைய ஆள் இல்லை' என்று லைப்ரரியே போர்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் போர்டை மட்டும் அழித்து எழுதுகிறோம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் பெரிய சேதமில்லை. அதன் ஃபங்ஷன்களுக்கு வெர்ஷன் குறி இருப்பதால், லோடர் அடுத்த நிமிஷமே 'ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 இல்லை' என்று முறைத்துவிட்டு நின்றுவிடும். அந்தக் குறி இல்லாத லைப்ரரி என்றால்? லோடர் நம்பி ஏற்றிவிடும். புரோகிராம் திறக்கும், வேலையும் செய்கிற மாதிரி இருக்கும். எட்டாவது பைட்டில் நீளம் இருக்கிறது என்று நினைத்துப் படிக்கும். அங்கே இப்போது வேறு ஏதோ உட்கார்ந்திருக்கும். உங்கள் புராஜெக்டை சேவ் செய்யும்போது அது என்னத்தை எழுதும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்கு அந்த புரோகிராம் திறக்காமலே இருந்திருக்கலாம்!

முதலில் எது குறைகிறது என்று பாருங்கள். எல்டிடி கமாண்டே சொல்லிவிடும். (நம்பிக்கையில்லாத ஃபைலில் மட்டும் அதை ஓட்டாதீர்கள், சில சமயம் அந்த ஃபைலையே ஓட்டிவிடும் என்று அதன் மேனுவலே எச்சரிக்கிறது. அதற்கு ஆப்ஜ்டம்ப் இருக்கிறது.) ஃபைல் இருந்தும் 'காணோம்' என்றால், எல்டி_டீபக்=லிப்ஸ் வைத்து ஓட்டினால் லோடர் எந்தெந்த ஃபோல்டரில் தேடியது என்று வரிசையாகக் கொட்டும். பாதை தப்பு என்றால் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் எல்டி_லைப்ரரி_பாத் கொடுங்கள். பாஷ்ஆர்சி-யில் எழுதி வைத்தால் அந்த டெர்மினலில் ஓடும் எல்லா புரோகிராமும் அந்த ஃபோல்டருக்குள் போய் எட்டிப்பார்க்கும்.

20.04-இன் பழைய டெப் பேக்கேஜை இறக்கிப் போடலாமே என்பார்கள். ஓடும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு இலவச ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. நெட் பக்கமே போகாத மென்பொருள் என்றால் பரவாயில்லை, பாஸ்வேர்டு அனுப்புகிற மென்பொருளுக்கு நான் போடமாட்டேன்.

'ஆப்இமேஜ் மாதிரி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிக் கொடுத்தால் தொல்லை விட்டதே?' தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். 2014-ல் ஹார்ட்ப்ளீட் வந்தபோது, பொதுவான லைப்ரரி ஒன்றை அப்டேட் செய்து சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்ததும் அதை நம்பியிருந்த எல்லா புரோகிராமும் பிழைத்தன. உள்ளே ஆளுக்கொரு காப்பி கட்டி வைத்திருந்தவர்கள் தனித்தனியாக அப்டேட் விட வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், காசு வாங்கிக்கொண்டு சோர்ஸ் தராத கம்பெனிதான் புது லைப்ரரிக்கு மறுபடி பில்ட் செய்து கொடுக்க வேண்டும். சிம்லிங்க் போடுகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு மெயில் தட்டுங்கள்.