துணி கறுத்தால் வெற்றியா?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. சைலன்சரைத் துலக்க எந்தப் பாலிஷ் சிறந்தது என்பதே அது. பித்தளைக்குப் போடும் பிராசோவே போதும் என்பார் ஒருவர். வெளிநாட்டுக் களிம்பு ஒன்றின் பெயரைச் சொல்வார் இன்னொருவர். மூன்றாமவரோ, "காசைக் கரியாக்காதீர்கள், பல்பொடியும் பழைய துணியும் இருந்தால் போதும்" என்பார். பாட்டியைக் கேட்டால், வெள்ளிக் குத்துவிளக்கைப் போல இதையும் திருநீறு போட்டுத் தேய்க்கச் சொல்லுவார். ஒவ்வொருவரும் தம் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டுவது ஒன்றையே: கறுத்துப்போன துணியை. "பார், எவ்வளவு அழுக்கு வந்திருக்கிறது!"

இயற்பியல் பாடம் சொல்பவன் என்ற முறையில் இந்த வழக்கில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஒரு பாலிஷை அது தரும் பளபளப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது சரியல்ல. அது உலோகத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது, தந்த பளபளப்பு எத்தனை நாள் நிற்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கறுத்த துணி வெற்றிச் சான்று ஆகாது. சில வேளைகளில் அது நஷ்டக் கணக்கு.

முதலில், பளபளப்பு என்பது என்ன? சுவரும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடியும் திருப்பி அனுப்புகிறது. ஆனால் சுவரில் நம் முகம் தெரிவதில்லை. சுவரின் மேடு பள்ளங்கள் ஒளியை நாலா திசையிலும் சிதறடித்துவிடுவதே காரணம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 மைக்ரான் முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பரப்பின் மேடு பள்ளங்கள் இந்த அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாகிவிட்டால் ஒளி சிதறாமல் ஒழுங்காக எதிரொளிக்கிறது, பிம்பம் தெரிகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

மேடு பள்ளங்களைச் சிறிதாக்குவது எப்படி? தேய்த்துத்தான். 1704-ல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் நியூட்டன் இதைத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். கண்ணாடியை மணலாலும் பொடிகளாலும் மெருகேற்றும்போது கீறல்கள் ஒழிந்துபோவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன, அவ்வளவுதான் என்பது அவர் கருத்து. உலோகப் பாலிஷும் பெரும்பாலும் இதே வேலையைச் செய்கிறது. அதில் மிக நுண்ணிய, கடினமான துகள்கள் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க ஒரு கரைப்பான் இருக்கிறது. சிலவற்றில் ஆக்சைடைக் கரைக்கும் வேதிப்பொருளும் உண்டு. துகள்கள் சுரண்டுகின்றன. அந்தச் சுரண்டல் அழுக்கோடு நின்றுவிட்டால் நல்லது. நிற்குமா என்பதுதான் கேள்வி.

இப்போது சைலன்சருக்கு வருவோம். 1955-ல் சென்னையில் தயாரிப்புத் தொடங்கிய புல்லட் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மினுமினுக்கும் சைலன்சர் நெடுங்காலமாக முலாம் பூசிய எஃகுக் குழாய்தான். எஃகின்மேல் நிக்கல், நிக்கலின்மேல் குரோமியம். இத்தகைய அலங்கார முலாமில் நிக்கல் பொதுவாக 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். குரோமியமோ அரை மைக்ரான்கூட இராது. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதில் நூறில் ஒரு பங்கு கனம்கூட அந்தக் குரோமியப் படலத்துக்கு இல்லை! அவ்வளவு மெல்லிய போர்வைதான் மழையையும் உப்புக் காற்றையும் தாங்கி நிற்கிறது. அந்தப் போர்வை தேய்ந்துபோனால் கீழே உள்ள நிக்கலின் மஞ்சள் சாயல் எட்டிப் பார்க்கும். நிக்கலிலும் ஓட்டை விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் பட்டதும் நிக்கலும் இரும்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் போலாகி, இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் முலாத்தை உள்ளிருந்து நெம்பித் தள்ளும்.

எது எதைச் சுரண்டும் என்று அறிய, 1812-ல் ஜெர்மானியக் கனிமவியலார் பிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோல் நமக்குக் கைகொடுக்கும். அதில் வைரத்துக்கு 10. சுண்ணாம்புக்கல் இனமான கால்சைட்டுக்கு 3. துருவில் உள்ள இரும்பு ஆக்சைடுகளுக்கு 5 முதல் 6. மணலில் உள்ள சிலிக்காவுக்கு 7. குரோமியத்துக்கு ஏறக்குறைய 8.5. அலுமினியம் ஆக்சைடுக்கு 9. இந்த எண்களை வைத்துக்கொண்டு பாட்டியின் யோசனையையும் கடைக்காரரின் யோசனையையும் நீங்களே சீர்தூக்கிப் பார்க்கலாம். சுண்ணாம்பு வகைப் பல்பொடி குரோமியத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் கெட்டியான துருவும் அதற்கு அசைந்து கொடுக்காது. சிலிக்கா கலந்த பாலிஷ் துருவை எடுக்கும். குரோமியத்தை எளிதில் கீறாது. பட்டறையில் கிடக்கும் உப்புத்தாளில் இருப்பவை அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்களாயின், துரு, முலாம் இரண்டுக்கும் ஆபத்துதான். கடினத்தன்மை ஒன்றே கணக்கல்ல, துகளின் பருமனும் கணக்கு. மாவைப் போல நைசான கடினத் துகள் பெரிய கீறல் போடாது. எனினும் ஒவ்வொரு தேய்ப்பிலும் சிறிதளவு முலாத்தை அது கொண்டுபோகும்.

அதே பாலிஷை எஞ்சினின் அலுமினிய மூடியில் போட்டுப் பாருங்கள். துணி மையைப் போலக் கறுத்துவிடும். அழுக்கே இல்லாத அலுமினியத்திலும் அப்படித்தான். அலுமினியத்தின் கடினத்தன்மை 3-க்கும் குறைவு. ஆகவே துணியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் நுண்துகளாகிவிட்ட உலோகமே. 'எந்தப் பாலிஷ் சிறந்தது' என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான். எந்த உலோகத்துக்கு, எந்தக் கறைக்கு என்று கேட்க வேண்டும். கறுப்பு வண்ணம் அடித்த சைலன்சருக்கோ எந்த உலோகப் பாலிஷும் வேண்டியதில்லை.

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழும். எஞ்சினை ஒட்டியுள்ள பெண்ட் பைப் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். ஒரு பாலிஷ் அதைப் போக்கிவிட்டால் அதுவே உயர்ந்தது என்பார்கள். அந்த நிறம் அழுக்கல்ல. வெப்பத்தால் பரப்பில் உண்டான மெல்லிய ஆக்சைடு படலம் அது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன. மழைக்காலத்தில் சாலைத் தண்ணீரில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரிவதும் இதே குறுக்கீட்டு விளைவால்தான். தேய்த்தால் படலம் போகும். ஆனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதற்குக் காரணமான கோளாறு இருக்குமானால் அடுத்த நீண்ட பயணத்திலேயே நீலம் திரும்பி வந்துவிடும். அங்கே வேண்டியவர் நல்ல மெக்கானிக்.

சரி, பாலிஷ்களை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி? இது உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் செய்யத் தக்க சோதனை. காயலான் கடையில் பழைய முலாம் சைலன்சர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். ஒட்டும் நாடாவால் 5 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பாலிஷ். ஒரு பட்டைக்கு மட்டும் எந்தப் பாலிஷும் வேண்டாம். வெறுந்துணியால் தேய்த்தால் போதும். இந்தப் பட்டையை விட்டுவிட்டால் சோதனையே வீண். பளபளப்பு பாலிஷால் வந்ததா, வெறும் தேய்ப்பால் வந்ததா என்று வேறு எப்படி அறிவீர்கள்?

துணி எல்லாவற்றுக்கும் ஒரே பழைய வேட்டியிலிருந்து கிழித்ததாக இருக்கட்டும். பாலிஷின் அளவு ஒன்றாகவே இருக்கட்டும். தேய்ப்பது ஒரே ஆள். ஒவ்வொரு பட்டைக்கும் சரியாக 50 தேய்ப்பு. எந்தப் பட்டையில் எந்தப் பாலிஷ் என்பதை ஒருவர் மட்டும் குறித்து மறைத்து வைக்கட்டும். மதிப்பிடுபவருக்குப் பட்டையின் எண் மட்டுமே தெரிய வேண்டும். விலை உயர்ந்த டப்பாவைப் பார்த்த கண், பளபளப்பைக் கூட்டித்தான் சொல்லும்.

பளபளப்பையும் அளக்கலாம். ஒரு காகிதத்தில் மெல்லிய கருங்கோடுகளை நெருக்கமாக வரைந்து குழாய்க்கு அருகே பிடியுங்கள். பிறகு மெல்ல விலக்குங்கள். பிம்பத்தில் கோடுகள் எந்தத் தூரத்தில் கலங்கிப் போகின்றன என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அதிகத் தூரம் வரை தெளிவாக இருந்தால் பரப்பு அதிக வழவழப்பு. அதன்பின் எல்லாப் பட்டைகளையும் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடியும் அளவெடுங்கள். எண்ணெயோ மெழுகோ தந்த தற்காலிகப் பளபளப்பு அப்போது வெளியேறிவிடும். இறுதியாக, குழாயை ஒரு மாதம் மழையும் வெயிலும் படும்படி வைத்து மூன்றாம் முறை அளவெடுங்கள். முதல் நாள் வெற்றி பெற்றதே கடைசி நாளும் வெற்றி பெறும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஓர் எச்சரிக்கை. ஓடும் வண்டியின் சைலன்சரில் கைவைக்காதீர்கள். நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து. பாலிஷ் போடும் இடத்திலும் காற்றோட்டம் இருக்கட்டும்.

"ஒரு சைலன்சருக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று சிலர் சிரிக்கலாம். தேய்ந்த முலாத்தை எந்தப் பாலிஷாலும் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. மறுபடி முலாம் பூச வேண்டும். அந்தத் தொழிலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. இந்த வகைக் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு, மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவுக் குவியலால் துன்பப்பட்ட இராணிப்பேட்டை ஓர் எடுத்துக்காட்டு. இருக்கும் முலாத்தைக் காப்பது பர்சுக்கு மட்டுமல்ல, ஊர்க் கிணற்றுக்கும் நல்லது.

ஆகவே என் தீர்ப்பு இது. முலாம் நன்றாக இருக்கும்போது சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும், துடைத்தபின் ஈரமில்லாமல் உலர்த்துவதும் போதும். கறை இருந்தால் மட்டுமே பாலிஷ். அதிலும் மிக மென்மையானதில் தொடங்க வேண்டும். வாரந்தோறும் வேகமாகத் தேய்ப்பவர் வண்டியை நேசிக்கலாம், முலாத்தை நேசிக்கவில்லை.

நாளைக்கு உங்களிடம் சோப்பும் பற்பசையும் உரமும் மருந்தும் விற்க வருவார்கள். 'முன்', 'பின்' என்று இரண்டு படங்களைக் காட்டுவார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதுவும் போடாத பட்டை எங்கே? கழுவிய பிறகும் நின்றதா? இதற்காக எதை இழந்தோம்? இம்மூன்றுக்கும் விடை சொல்ல முடியாதவரிடம் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள்.