ஒரு ராத்திரி தோல்வியா, ஒரு சீஸன் உழைப்பா? - 2 முறை மகுடம் சூடிய 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி!

2023 மார்ச் 17. அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் உள்ள கொலம்பஸ் நகரம். கல்லூரி பாஸ்கெட்பாலின் மிகப்பெரிய திருவிழாவான என்.சி.ஏ.ஏ தொடரின் முதல் சுற்று. நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 16 நிலைகள் என்று அணிகளை வரிசைப்படுத்தித்தான் இந்தத் தொடரை நடத்துவார்கள். ஒருபக்கம், முதல் நிலையில் இருந்த பர்டூ பல்கலைக்கழகம். அதன் நடுநாயகம், 7 அடி 4 அங்குல உயர ஸாக் ஈடி. எதிரே, 16-ம் நிலையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம். அந்த சீஸனில் டிவிஷன் ஒன்றில் ஆடிய 363 அணிகளில் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அதுதான்.

ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 63-58. ஜெயித்தது, உயரம் குறைந்த அணி! ஆண்கள் தொடரின் வரலாற்றில் முதல் நிலை அணியை 16-ம் நிலை அணி வீழ்த்தியது அது இரண்டாவது முறை. ஈடி தனியாளாக 21 புள்ளிகள் எடுத்தும் பலனில்லை. பர்டூவின் சீஸன் அந்த ராத்திரியோடு முடிந்தது.

ஆனால், அடுத்த சில வாரங்களில் அந்த சீஸனின் சிறந்த வீரருக்கான பெரிய விருதுகள் எல்லாமே ஈடியின் கைக்குத்தான் வந்தன. முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு எப்படி முதல் மரியாதை?

எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் சிறந்த வீரருக்கு ஒரே ஒரு விருது என்று கிடையாது. பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பெயரிலான விருது 1969-லிருந்து வழங்கப்படுகிறது. அதை முதலில் வாங்கியவர் லூ ஆல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் கொண்டாடிய அதே மனிதர்தான். யு.சி.எல்.ஏ அணிக்கு 10 சாம்பியன் பட்டங்கள் வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் வுடன் பெயரில் இன்னொரு விருது. இதற்கு ஆட்டம் மட்டும் போதாது, படிப்பிலும் குறைந்தபட்ச மதிப்பெண் இருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் சங்கம், பாஸ்கெட்பால் எழுத்தாளர்கள் சங்கம், ஏ.பி செய்தி நிறுவனம் ஆகியவையும் தனித்தனியாகச் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கின்றன.

இவை தவிர, 'ஆல் அமெரிக்கன்' என்ற கௌரவப் பட்டியலும் உண்டு. நான்கு அமைப்புகள் வெளியிடும் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து, முதல் அணியில் இடம்பெற்றால் 3 புள்ளி, இரண்டாம் அணிக்கு 2, மூன்றாம் அணிக்கு 1 என்று கூட்டிப் பார்ப்பார்கள். அதிகப் புள்ளிகள் பெறும் ஐந்து பேர்தான் அந்த சீஸனின் ஒருமித்த முதல் அணி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏ.பி விருதுக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள், என்.சி.ஏ.ஏ தொடர் தொடங்கும் முன்பே தங்கள் தேர்வைச் சொல்லிவிடுகிறார்கள். அறிவிப்பு மட்டும்தான் பிறகு வரும். ஆக, நவம்பர் முதல் மார்ச் வரை நடந்த 30-க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குத்தான் மதிப்பு. தோற்றால் வெளியே என்ற அந்த ஒரு ராத்திரி, கணக்கில் வராது. பெரிய மேடையில் சறுக்கியவருக்கா விருது என்று ரசிகர்கள் கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதற்கான பதிலை ஈடி ஒரு வருடம் கழித்து, மைதானத்தில் சொன்னார்.

தாமதமாகத் தொடங்கிய பயணம்

கனடாவின் டொரொன்டோவில் வளர்ந்த ஈடி, சிறுவயதில் ஆடியது ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும்தான். பாஸ்கெட்பால் பக்கம் வந்ததே 15 வயதுக்குப் பிறகு. கல்லூரியில் சேரும்போது, அந்த ஆண்டுக்கான இளம் வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் 400 பேருக்கும் பின்னால் இருந்தது. பர்டூவில் முதல் ஆண்டு சராசரி, ஓர் ஆட்டத்துக்கு 8.7 புள்ளிகள். மூன்றாம் ஆண்டில் அது 22.3. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் சராசரி 12.9. உயரம் பிறப்பிலேயே வந்தது. ஆனால், இந்த வளர்ச்சி பயிற்சியில் வந்தது.

திரும்பி வந்தார்!

2023 தோல்விக்குப் பிறகு என்.பி.ஏ தேர்வுக்குப் பெயர் கொடுத்தார் ஈடி. கடைசி நேரத்தில் அதை விலக்கிக்கொண்டு மீண்டும் பர்டூவுக்கே வந்தார். அந்த சீஸனில் சராசரி 25.2 புள்ளிகள். 2024 தொடரின் முதல் சுற்றில் கிராம்ப்ளிங் ஸ்டேட் அணிக்கு எதிராக 30 புள்ளிகள், 21 ரீபவுண்ட். டென்னஸி அணிக்கு எதிராக 40 புள்ளிகள். 1980-க்குப் பிறகு முதல்முறையாக பர்டூ கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது.

ஃபைனலில் யு-கான் அணிக்கு எதிராக ஈடி எடுத்தது 37 புள்ளிகள். ஆனால், கோப்பை 75-60 என்ற கணக்கில் யு-கான் வசம் போனது. ஈடிக்கு மீண்டும் விருதுகள். ஏ.பி விருதை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றவர் என்று பார்த்தால், 1981 முதல் 1983 வரை மூன்று முறை வாங்கிய ரால்ஃப் சாம்ப்ஸனுக்குப் பிறகு ஈடிதான். சாம்ப்ஸனின் உயரமும் 7 அடி 4 அங்குலம்தான்!

மகுடம் சரி... பணம்?

2021 ஜூலை முதல், கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தி விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. சக வீரர்கள் பலருக்கு அது நல்ல வருமானம். ஆனால் ஈடி, மாணவர் விசாவில் வந்த கனடாக்காரர். அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எஃப்-1 விசாவின் கட்டுப்பாடுகள் நன்றாகத் தெரியும். படிக்கும்போது வெளியே வேலை பார்ப்பது எளிதல்ல. அதே கயிறுதான் நாட்டின் நம்பர் 1 வீரரையும் கட்டிப்போட்டது. இன்னொரு வேடிக்கை, ஈடி இரண்டு முறை வாங்கிய விருதுக்குப் பெயர் தந்த நெய்ஸ்மித்தும் அவரைப் போலவே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்தான்.

2025-லும் இதே கதை தொடர்ந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் 18 வயது கூப்பர் ஃப்ளாக், முதலாம் ஆண்டிலேயே ஏ.பி விருதை வென்ற நான்காவது வீரர் ஆனார். ஆனால், டியூக் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. கோப்பையைத் தூக்கியது ஃப்ளோரிடா. ஃப்ளாக்கின் விருதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என்.பி.ஏ தேர்வில் அவரைத்தான் முதல் ஆளாக டல்லாஸ் அணி எடுத்துக்கொண்டது.

ஈடி? 2024 தேர்வில் 9-வது ஆளாக மெம்ஃபிஸ் அணிக்குப் போனார். முதல் சீஸனிலேயே அறிமுக வீரர்களின் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானார்.

கோப்பை யாருக்கு என்பதை ஒரு ராத்திரி முடிவு செய்துவிடும். ஐந்து மாதம் சளைக்காமல் ஆடியவருக்கும் ஒரு மேடை வேண்டும் இல்லையா? அதைத்தான் இந்த விருதுகள் போட்டுத் தருகின்றன!