குதிக்கும் முன் நாலு மூச்சு

லீவு வந்தாச்சு. ஃபுகெட், மாலத்தீவு, பெர்ஹெந்தியான், திருகோணமலை என்று எங்கே போனாலும் கரையில் ஒரு டைவிங் கடை இருக்கும். பலகையைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆரம்பிச்சிடுவாங்க: "அம்மா, நானும் போகட்டுமா?" பாட்டி பக்கத்தில் இருந்தால், "கடல்ல என்ன விளையாட்டு?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நம்மால் அப்படி மறுக்கவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போடவும் முடியாது. எதைச் சரிபார்க்கணும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் வழி.

முதலில் வயசு. பி.ஏ.டி.ஐ. அமைப்பின் விதிப்படி 8 வயதுப் பிள்ளை நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழம் வரை முயன்று பார்க்கலாம். கடலில் இறங்க 10 வயது ஆகணும். ஜூனியர் சான்றிதழ் வாங்கினாலும் 10, 11 வயதில் 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. "உங்க பொண்ணு நல்லா நீந்துறா, இன்னும் கொஞ்சம் ஆழம் போகலாம்" என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா இருந்தால் இருக்கு என்றே எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. காதில் அழுத்தம் சமமாகாது.

அடுத்தது காற்று. நாம் எல்லோரும் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்தது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால், சுமார் 2400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஒருவருக்கு மேலே அது இரண்டு மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் ஒரு மணி நேரம்தான். 20 மீட்டரில் 40 நிமிஷம். பயந்து வேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். "நேத்து இவ்வளவு நேரம் இருந்தோமே" என்ற கணக்கு இன்றைக்கு உதவாது. கேஜைப் பார்க்கணும்.

அந்தக் கேஜை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முள் 200-ல் நிற்கிறது என்பது மட்டும் போதாது. வால்வு மூடியிருந்தாலும், குழாய்க்குள் மிச்சம் இருக்கும் காற்றை வைத்தே முள் நிறைவாகக் காட்டும். ஆகவே ரெகுலேட்டரை வாயில் வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு நன்றாக இழுக்கணும். முள் அசையாமல் நின்றால் சரி. மூச்சுக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போனால் வால்வு மூடியிருக்கு. இழுக்கும்போது இறங்கி, விட்டதும் ஏறினால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கு. படகில் உட்கார்ந்திருக்கும்போது இந்த அரைகுறை தெரியவே தெரியாது. ஆழத்தில் நிறையக் காற்று தேவைப்படும்போதுதான் மூச்சு இறுகும்.

படகுப் பையன் உதவி செய்வதாக நினைத்து, கடைசி நிமிஷத்தில் வால்வைத் தவறான பக்கம் திருகிவிடுவதும் உண்டு. யார் தொட்டாலும் மறுபடியும் நாலு மூச்சு. காற்றில் எண்ணெய் வாசனை, புகை வாசனை வந்தால் அந்தச் சிலிண்டரே வேண்டாம். கூடவே மாற்று ரெகுலேட்டரிலும் இழுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவன் வாய்க்குப் போகப்போவது உங்களிடம் இருக்கும் அந்த ரெகுலேட்டர்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கு வந்துவிடும். ஸ்கூபாவில் நேர்மாறு. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். குளத்தில் மூச்சடக்கிப் போட்டி போட்டுப் பழகின பிள்ளைகளிடம் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள்: "கண்ணா, தண்ணிக்குள்ள மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். நிறுத்தவே கூடாது."

இறங்கும் முன்பே பேசி வையுங்கள்: 100 பார் வந்ததும் சைகை, 50 பாரோடு மேலே. மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கணும். கேஜ் பார்ப்பது வழிகாட்டியின் வேலை என்று பிள்ளை நினைக்கக்கூடாது. வழிகாட்டிக்குப் பின்னால் நாலைந்து பேர் இருப்பார்கள்.

நம் குடும்பங்கள் சறுக்குகிற இடம் கடைசி நாள். காலையில் ஒரு டைவ், மாலையில் ஃப்ளைட் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். கடைசி நாளை மாமா, சித்தி வீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. பிள்ளையின் வால்வை நீங்கள் பாருங்கள், உங்களுடையதைப் பிள்ளை பார்க்கட்டும். "அப்பா, நாலு மூச்சு இழுத்தீங்களா?" என்று பத்து வயசு கேட்டால், "எனக்குத் தெரியும்" என்று சொல்லாதீர்கள். இழுத்துக் காட்டுங்கள்.