ஃபோர்மட் பண்ணினா தமிழ் எங்க போகுது?

சப்ரகமுவ தோட்டப் பக்கம் கம்பியூட்டர் பழுதுன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச மருந்து ஒண்ணுதான்: ஃபோர்மட். டவுன்ல கடை வச்சிருக்கிற அண்ணனும் அதையே சொல்வார், லேப் பார்க்க வர்ற சேரும் அதையே சொல்வார். ஒரே இமேஜை எல்லா மெஷினுக்கும் இறக்கினா அரை நாளில் வேலை முடியும். அந்த இமேஜுக்குள்ள என்ன இருக்கு என்பதுதான் எங்க கேள்வி.

நாங்க பார்த்தவற்றில் ஆங்கிலம் இருந்தது, சிங்களமும் இருந்தது. தமிழை வாசிக்கலாம், எழுத முடியாது. யூனிகோட் எழுத்துரு விண்டோஸோடயே வரும். தமிழ் விசைப்பலகையை யாராவது சேர்த்தாத்தான் உண்டு. பாமினி வரவே வராது. பழைய வினாத்தாள், சங்கக் கடிதம் எல்லாம் பாமினியில்தானே கிடக்கு? ஃபோர்மட்டுக்குப் பிறகு திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஏதோ தெரியும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க, எழுத்துருவைப் போட்டா சரியாகிடும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. லேப் இமேஜுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரல்ல.

தின் கிளையன்ட் இருக்கிற இடத்தில் கதை இன்னும் வேடிக்கை. பல மாடல்களில் நாம செய்ற மாற்றத்தை டிஸ்க்கில் எழுத விடாத பூட்டு ஒண்ணு இருக்கு. காலையில் தமிழைச் சேர்ப்போம், ரீஸ்டார்ட் பண்ணினா காணோம். பூட்டைத் திறந்து, தமிழைப் போட்டு, திரும்பப் பூட்டணும். அதுக்கு அட்மின் பாஸ்வேர்ட் வேணும். அது யாரிடம் இருக்குன்னு கேட்டா ஆளாளுக்குக் கை காட்டுவாங்க.

ஃபேர்ம்வெயார் வேற விஷயம். அது டிஸ்க்கில் இல்ல, போர்டில் உள்ள சிப்பில் இருக்கு. எத்தனை தடவை ஃபோர்மட் அடிச்சாலும் அதில் உள்ள கோளாறு போகாது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனா மெஷினே எழும்பாமப் போகலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். ஏப்ரல் மாத இடி மின்னல் பற்றி இரத்தினபுரி, கேகாலைக்காரங்களுக்கு நாங்க சொல்லத் தேவையில்ல. யூபிஎஸ் இல்லாத லேப்பில், தேவையும் இல்லாம, "புதுசு வந்திருக்கு" என்பதுக்காக பயோஸ் அப்டேட் செய்றது வீண் வீரம்.

இப்ப ஏன் இதைப் பேசுறோம்? 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிஞ்சது. பழைய மெஷின் பலதுக்கு விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸோ வேறெதுவோ, நிறைய லேப்களில் புது இமேஜ் இறங்கத்தான் போகுது. ஒரு மெஷினில் தமிழை ஒழுங்காப் போட்டு, குளோன்சில்லா மாதிரி இலவச மென்பொருளால் அதையே இமேஜ் ஆக்கினா மற்ற எல்லாத்துக்கும் அதே தமிழ் போகும். அதிகமாப் போனா ஒரு மணித்தியால வேலை.

அதனால லேப் சேர் பையைக் கட்டுறதுக்கு முந்தி, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு தன் பெயரைத் தமிழில் அடிக்கச் சொல்லுங்க. ரீஸ்டார்ட் பண்ணி இன்னொருக்கா அடிக்கச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு கையெழுத்து வைங்க.